நின்ற நிலையில் கட்டுதல்: வீட்டு அன்றாடத்துக்குள் புனைவைக் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

எழுதி வைக்காமல், ஒத்திகை பார்க்காமல், முன்னால் இருப்பவர் சொன்னதைப் பிடித்து அந்த இடத்திலேயே அடுத்ததைச் சொல்வதைத்தான் நான் ‘நின்ற நிலையில் கட்டுதல்’ என்கிறேன். கவி பாடுகிறவர்கள் எதிர்க்கவி சொல்வது அப்படித்தான். அதை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இந்த வழிகாட்டி. மேடை தேவையில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் 10 நிமிடமும் ஒரு அடுப்படியும் போதும். கரண்ட் போனால் இன்னும் நல்லது.

மட்டக்களப்பில் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளோடும் அவர்களின் அம்மம்மாவோடும் 4 வருடமாக இதைச் செய்து வருகிறேன். அப்புறம் தெரிந்தவர்கள் கேட்டதால் வேறு சில வீடுகளிலும் தொடக்கி வைத்தேன். எல்லா வீட்டிலும் சறுக்கல் ஒரே இடத்தில்தான் வந்தது. படிகளின் வரிசையை மாற்றிவிட்டார்கள். முதல் நாளே “ஒரு நாடகம் போடுவோம், வாங்க” என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகள் சுவரைப் பார்த்து நின்றார்கள். அதனால் கீழே உள்ள படிகளை மேலிருந்து கீழாகவே செய்யுங்கள். ஒன்று சலிப்பாக இருந்தாலும் தாண்டிப் போகாதீர்கள்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

முதலில் நேரம். எந்த வீட்டிலும் பகலில் ஒரு நிலையான 10 நிமிடம் கிடைக்காது. கச்சான் என்கிற சுடுகாற்று அடிக்கும் மாதங்களில் பகலில் யாருக்கும் மனமும் ஓடாது. எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு, தொலைக்காட்சி போடும் முன் வைத்துக்கொண்டோம். காத்தான்குடியில் ஒரு வீட்டில் மஃரிப் தொழுகைக்கும் இஷா தொழுகைக்கும் இடையில் வைத்தார்கள், அது எங்களுடையதை விட ஒழுங்காக நடந்தது. இரண்டு பக்கமும் எல்லை உள்ள நேரமாக இருந்தால் நீளாது. வாரத்தில் 3 நாள் போதும்.

இரண்டாவது, பெரியவர்களின் உடன்பாடு. வீட்டில் ஒருவராவது “இது என்ன விசர் வேலை” என்று ஓரத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். சேர விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம். அந்த 10 நிமிடமும் முற்றத்தில் இருக்கச் சொல்லுங்கள், அல்லது தாளம் தட்டுகிற வேலையைக் கொடுங்கள். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க யாரையும் விடாதீர்கள். பார்க்க ஒருவர் இருந்தால் மற்றவர்கள் அவருக்காக நடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மூன்றாவது, ஒரு சாமான் பெட்டி. பழைய சாரம், கிழிந்த சேலைத்துண்டு, சுளகு, அகப்பை, இரண்டு சிரட்டை, ஒரு கயிறு, ஒரு வெறும் காட்போட் பெட்டி. 7 சாமானுக்கு மேல் வேண்டாம். கூடினால் பிள்ளைகள் பெட்டியைக் கிளறுவதிலேயே நேரத்தைக் கழிப்பார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் போத்தல் மூடி, விதை, மணி போன்ற விழுங்கக் கூடிய சின்னச் சாமான் எதையும் போடாதீர்கள்.

2. முதல் 3 நாள்: கேட்க மட்டும்

எங்கள் ஊர் கல்லடிப் பாலத்தடியில், வாவிக்குள் இருந்து வரும் ‘மீன் பாட்டு’க் கேட்கப் போகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். தோணியில் ஒருவர் பேசினாலும் எல்லாம் போய்விடும். முதல் 3 நாளும் வீட்டில் அப்படி இருக்க வேண்டும்.

எல்லோரும் பாயில் இருங்கள். 2 நிமிடம் யாரும் பேசக் கூடாது. அப்புறம் ஒவ்வொருவரும் தான் கேட்ட ஒரு சத்தத்தை வாயால் செய்து காட்ட வேண்டும். பெயர் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர், தேங்காய் துருவும் சத்தம், பல்லி, தூரத்தில் போகும் த்ரீவீல், எதுவும் சரி. மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கட்டத் தெரியாதவர் என்று நாங்கள் நினைக்கிற ஆளுக்குப் பெரும்பாலும் கேட்பதுதான் வராது. மற்றவர் பேசும்போது தன் அடுத்த வரியை யோசித்துக்கொண்டிருப்பார். அவர் சொல்வது முன்னால் வந்ததோடு ஒட்டாது. பெரியவர்களுக்குத்தான் இந்த வருத்தம் கூட. சின்னப் பிள்ளைகள் 2 நிமிடத்தில் எங்களுக்குக் கேட்காத 5 சத்தத்தைச் சொல்வார்கள்.

3. ஒரு வாரம்: ‘ஓம்’ பழகுதல்

இந்தப் படிக்கு அவசரப்படாதீர்கள். இது வந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

விளையாட்டு இதுதான். ஒருவர் ஒரு வரி சொல்வார். அடுத்தவர் ‘ஓம்’ என்று தொடங்கி, அதற்கு மேல் ஒரு விஷயத்தைக் கூட்ட வேண்டும். ஒன்றுதான். பிறகு அடுத்தவர். வட்டம் இரண்டு தரம் சுற்றியதும் முடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முதல் நாள் நடந்தது:

மகள், “ஒரு இறால் ஸ்கூட்டி ஓடிச்சு” என்றாள்.

அம்மம்மா உடனே, “இறாலுக்குக் கை எங்க இரிக்கி?” என்றார்.

கதை அங்கேயே செத்துவிட்டது. மகள் எழும்பிப் போய்விட்டாள். அம்மம்மாவின் கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் அது வந்ததைத் திருப்பி அனுப்பும் கேள்வி. அடுத்த நாள் அதே இறாலை மறுபடி எடுத்தோம். இந்த முறை அம்மம்மா சொன்னார்: “ஓம், ஹெல்மெட் போட மறந்திட்டு.” மகன் தொடர்ந்தான்: “ஓம், பாலத்தடியில பொலிஸ் மறிச்சிட்டு.” மகள்: “ஓம், பொலிஸ் ஒரு நண்டு.” நண்டு பக்கவாட்டில்தான் துரத்த முடியும் என்பதால் இறால் தப்பிவிட்டது. அந்த இறாலும் நண்டும் எங்கள் வீட்டில் இன்றைக்கும் நடமாடுகின்றன.

இங்கே மூன்று தடுமாற்றங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, ‘ஓம், ஆனா…’ என்று சொல்வது. அது ஓம் வேசம் போட்ட இல்லை. ‘ஆனா’ வந்த இடத்தில் நிறுத்தி, ‘ஓம், அப்புறம்…’ என்று மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். வாய்க்குப் பழகினால் மனதும் அந்தப் பக்கம் திரும்பும்.

இரண்டு, ஒரே வரியில் முழுக் கதையையும் சொல்லி முடிப்பது. பெரிய பையன்கள் இதைச் செய்வார்கள். அடுத்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. “ஒரு பிடிதான் போட வேண்டும், பானையைக் கவிழ்க்கக் கூடாது” என்று எங்கள் வீட்டில் சொல்வோம்.

மூன்றாவதைப் பெற்றோர் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த ‘ஓம்’ கதைக்குள் வருவதற்கு மட்டும்தான். “நாளைக்குப் பள்ளிக்கூடம் போக மாட்டேன்” என்று பிள்ளை சொன்னால் அதற்கு வழக்கமான பதில்தான். ஒரு தாய் இதைக் குழப்பிக்கொண்டு, இரண்டு நாளில் களைத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். விளையாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைக் காட்ட ஒரு சத்தம் வையுங்கள். சிரட்டையை இரண்டு தட்டுத் தட்டினால் தொடக்கம், மூன்று தட்டு முடிவு.

பேசவே மாட்டேன் என்கிற பிள்ளை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். அதற்குக் கூத்து ஆடும் களமான களரியில் வழி இருக்கிறது. ஆடுகிறவர் ஒரு வரியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதைத் திரும்ப எடுத்துப் பாடுவார்கள். ஆடுகிறவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். பேசாத பிள்ளைக்கு அந்த வேலையைக் கொடுங்கள். மற்றவர் வரியின் கடைசிச் சொல்லைத் திரும்பச் சொன்னால் போதும். என் மகன் இரண்டு வாரம் பிற்பாட்டு மட்டும்தான் பாடினான். பிறகு ஒரு நாள் கடைசிச் சொல்லை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னான். அன்றைக்கு அவன் உள்ளே வந்துவிட்டான்.

4. ஒரு கட்டுப் போடுங்கள்

‘என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்’ என்று விட்டால் ஆட்கள் திகைத்துப் போவார்கள். எதைச் சொல்வது என்று தேடுவதிலேயே வேகம் போய்விடும். கூத்துக்குத் தாளக்கட்டு இருப்பது போல இதற்கும் ஒரு கட்டு, அதாவது எல்லை போடும் ஒரு விதி, வேண்டும். அது சின்னதாகவும் சோதித்துப் பார்க்கக் கூடியதாகவும் இருக்கட்டும்.

நன்றாக வேலை செய்த கட்டுகள் சில: ஒவ்வொரு வரியும் 3 சொல்லில் முடிய வேண்டும். எல்லா வரியும் கேள்வியாக இருக்க வேண்டும். கதை முழுக்க ஒரு தோணிக்குள் நடக்க வேண்டும். ‘நான்’ என்ற சொல் வரக் கூடாது. ‘தக திமி தக சொணு’ என்று ஒருவர் தட்ட, அந்த எட்டுக்குள் வரியைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு கட்டு மட்டும். இரண்டு போட்டால் பிள்ளைகள் பிழை பிடிப்பதில் இறங்கிவிடுவார்கள். கட்டை மீறினால் தண்டனை கிடையாது. எல்லோரும் கை தட்டி, அந்த வரியை மறுபடி சொல்ல விட்டால் போதும்.

5. பொருளை மாற்றிப் பிடித்தல்

சாமான் பெட்டி இப்போதுதான் வெளியே வர வேண்டும், அதற்கு முன் வேண்டாம். சுளகை எடுத்து வெயிலுக்குப் பிடிக்கும் குடை போலப் பிடியுங்கள். அடுத்தவர் அதே சுளகை வேறொன்றாகப் பிடிக்க வேண்டும்: ஸ்டியரிங், முதலையின் வாய், பரீட்சைத்தாள். சொல்லக் கூடாது, செய்து காட்ட வேண்டும்.

நல்ல மழை நாட்களில், மார்கழி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டோடு அடைந்து கிடக்கும்போது, இது ஒரு மணி நேரம்கூடப் போகும். அந்த நாட்களில் மட்டும் விடுங்கள்.

6. அடுப்படியில் நின்ற நிலையில் கட்டுதல்

வீட்டில் உண்மையான கட்டு அடுப்படியில்தான் இருக்கிறது. ஏதாவது ஒரு சாமான் எப்போதும் குறையும். அதனால் இங்கே பழகுவது சீக்கிரம் கைக்கு வரும். வாரத்தில் ஒரு இரவு, ‘கடைக்குப் போகாத இரவு’ என்று வையுங்கள். இருப்பதை மேசையில் அடுக்குங்கள். பிள்ளைகளும் சேர்ந்து தீர்மானிக்கட்டும்.

வரிசை முக்கியம்.

முதலில், கண்ணை மூடிக்கொண்டு சமைக்கக் கூடிய ஒரு கறியை எடுங்கள். புதுச் சாப்பாட்டில் தொடங்க வேண்டாம். தெரிந்த கறியில் ஒரு சாமானை மட்டும் மாற்றுங்கள். பிழை வந்தால் எதனால் வந்தது என்று தெரிய வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் ஒன்றும் படிக்க முடியாது.

அடுத்து, இல்லாத சாமான் அந்தக் கறியில் என்ன வேலை செய்தது என்று கேளுங்கள். புளிப்பா, உறைப்பா, தடிப்பா, வாசனையா? பெயரைத் தேடாமல் வேலையைத் தேடினால் மாற்று கிடைக்கும். புளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழப்புளி, கொறுக்காய் (காய்ந்த புளித் துண்டு), தேசிக்காய் (எலுமிச்சை), மாங்காய், தயிர் எல்லாம் புளிக்கும். ஆனால் ஒவ்வொன்றும் சட்டிக்குள் போகும் நேரம் வேறு.

பழப்புளியைக் கொதிக்க விட வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாடை நிற்கும். தேசிக்காயை அடுப்பால் இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். கொதித்தால் கைக்கும், சொதியில் விட்டால் பால் திரையும். மாங்காய் தொடக்கத்திலேயே போகலாம். அதன் புளிப்பு காய்க்குக் காய் மாறும் என்பதால் முதலில் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். சட்டித் தயிரை நன்றாக அடித்து, நெருப்பைக் குறைத்து விடுங்கள். கொறுக்காய் ஊறி இறங்கும், கரையாது. என் மகன் பருப்புக்குள் இரண்டு கொறுக்காய்த் துண்டு போட்டான். இரவு நன்றாகத்தான் இருந்தது. துண்டுகளை யாரும் எடுக்கவில்லை. விடிய அந்தப் பருப்பை வாயில் வைக்க முடியவில்லை. புளிப்பு அளவாக வந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும் என்று அவனே சுவரில் எழுதி ஒட்டினான்.

தேங்காய்ப்பாலுக்கும் இதே கவனம். இரண்டாம் பாலில் வேகவிட்டு, முதற்பாலைக் கடைசியில் விட்டுக் கிண்டி இறக்குங்கள்.

உப்பு, தூள், புளி மூன்றிலும் பாதியை மட்டும் முதலில் போடுங்கள். ருசி பார்த்து மீதியைப் போடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் துணிச்சலைக் காட்டுவது இந்த இடத்தில்தான், கறி கெடுவதும் இங்கேதான்.

மிச்சம் கிடந்த புட்டில் கை வைப்பது பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம். வெங்காயம், பச்சை மிளகாய், முட்டையோடு வறுக்கலாம். சீனியும் தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும் சேர்த்துப் பிசையலாம். இரண்டு வழியிலும் அநேகமாகக் கெடாது. தொடக்கத்தில் ஒரு வெற்றி கிடைத்தால்தான் பிள்ளை அடுத்த வாரமும் அடுப்படிக்கு வரும்.

7. கவி கட்டுதல்

இதுவரை பழகிய மூன்றும், அதாவது கேட்பதும் ஓமும் கட்டும், இங்கே ஒன்று சேரும். அதனால்தான் இது இவ்வளவு பிந்தி வருகிறது.

இரண்டு வரிதான். ஒவ்வொரு வரியிலும் நான்கு சீர் அளவு. இரண்டு வரிகளின் முதற்சொல்லிலும் இரண்டாம் எழுத்து ஒத்து வரட்டும். எங்கள் வீட்டுக்கு வந்த மாமா சந்தைக்குப் போய் உள்ளியை மறந்து உப்போடு வந்த அன்று மகள் கட்டியது:

வெள்ளாப்பில் சந்தைக்கு வெளிக்கிட்ட மாமாவே
உள்ளிக்குப் போய்விட்டு உப்போடு வந்ததென்ன

மாமா சிரட்டையைத் தட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னார்:

பிள்ளைநீ சொன்னது பின்தெருவில் கேட்கவில்லை
உள்ளிக்கும் உப்புக்கும் ஓரெழுத்துத் தானம்மா

எதிர்க்கவி சொல்கிறவர் ஒரு சொல்லையாவது முதற்கவியிலிருந்து எடுக்க வேண்டும் என்று வையுங்கள். மாமா ‘உள்ளி’யை எடுத்தார். அது ‘ஓம்’ விளையாட்டின் வேறு வடிவம்தான். எதுகை வராவிட்டால் பரவாயில்லை, தாளம் விடக் கூடாது. எதுகையைத் தேடி நிற்பவருக்கு, ஒத்த சொற்களை முதலில் வாயால் அடுக்கச் சொல்லுங்கள்: வெள்ளம், பள்ளம், கள்ளன், வள்ளம். அதில் இரண்டைப் பிடித்து வரியைப் பின்னால் கட்டுவது லேசு.

கேலிக்கு ஒரு எல்லை வேண்டும். செய்த காரியத்தைப் பாடலாம். உடம்பை, நிறத்தை, பரீட்சைப் புள்ளியைப் பாடக் கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒருமுறை காயப்பட்ட பிள்ளை திரும்ப வர மாதங்கள் எடுக்கும்.

8. வாசல் வரவு

கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு வரும்போது வரவு ஆடித் தன்னை அறிவிக்கும். வீட்டு வாசலில் அதைச் செய்யுங்கள். வெளியே போய் வருகிறவர் படியில் நின்று “வந்தேனே” என்று தொடங்கி, இன்றைக்கு யாராக வருகிறார் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். “வந்தேனே, பஸ்ஸில் நின்றே வந்த மகராசன் வந்தேனே.” உள்ளே இருப்பவர் அந்த ஆளுக்கு ஏற்ற மரியாதையோடு வரவேற்க வேண்டும். மகராசனுக்குத் தண்ணீர் செம்பில் வரும்.

இது ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் வேலை முடிந்து முகம் கறுத்து வருகிற ஆளின் அன்றைய நாள் எப்படிப் போனது என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். களைத்து வந்தவர் “இன்றைக்கு வரவு இல்லை” என்று சொன்னால் விட்டுவிட வேண்டும். அதுவும் ஒரு வரவுதான்.

9. இவற்றில் கட்டிப் பார்க்க வேண்டாம்

மருந்தின் அளவு. கரண்ட், காஸ் இரண்டும். தெரியாத இலை, தெரியாத காளான். பெயர் தெரியாத மீன், குறிப்பாகப் பேத்தை மீன், அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. நெடுநேரம் வெளியே கிடந்த சோறு அல்லது இறைச்சியைப் புதுச் சாப்பாடாக மாற்றும் யோசனை. இவற்றைப் பிள்ளைகளிடம் காரணத்தோடு சொல்லி வையுங்கள். எதையும் மாற்றலாம் என்று பழகிய பிள்ளைக்கு எதை மாற்றக் கூடாது என்பதும் தெரிய வேண்டும்.

10. அடிக்கடி நடக்கும் பிழைகள்

கைபேசியில் படம் பிடிப்பது. முதல் பிழை இதுதான், எல்லா வீட்டிலும் நடக்கும். கைபேசி வந்ததும் பிள்ளை அதற்கு நடிக்கும். முன்பு சிரிப்பு வந்த வரியை மறுபடி சொல்லும். முதல் 3 மாதம் படமே வேண்டாம்.

விருந்தாளி முன்னால் செய்து காட்டச் சொல்வது. “மனே, அந்த இறால் கதையைச் சொல்லு” என்றால் அது மனப்பாடம் ஒப்புவிப்பதாக மாறிவிடும். விருந்தாளியைப் பாயில் இருத்தி, அவரையும் ஒரு வரி சொல்ல வையுங்கள்.

“கெட்டிக்காரி” என்று மெச்சுவது. கேட்க நல்லதாகத் தோன்றும். ஆனால் மெச்சப்படாத மற்றப் பிள்ளை ஒதுங்கிவிடும், மெச்சப்பட்டது அதே மாதிரி வரியைத் திரும்பச் செய்யும். அதற்குப் பதிலாக, அந்த வரியை உங்கள் அடுத்த வரியில் பயன்படுத்துங்கள். தான் சொன்னதை எடுத்துக்கொண்டார்கள் என்று பிள்ளைக்கு விளங்கும்.

நன்றாகப் போகிறது என்று நீட்டுவது. வட்டம் சூடாக இருக்கும்போதே மூன்று தட்டுத் தட்டி முடியுங்கள். ஓய்ந்த பிறகு முடித்தால் அடுத்த நாள் பாயில் இருக்க ஆள் வராது.

முடிவில் பாடம் சொல்வது. “இதிலிருந்து என்ன விளங்குது?” என்று ஒரு தந்தை ஒவ்வொரு நாளும் கேட்டார். நான்காம் நாள் அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டுப்பாடம் கூடிவிட்டது.

11. கட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்தல்

ஏறக்குறைய இரண்டு மாதம் கழிந்ததும், அன்றைய கட்டு என்ன என்பதைப் பிள்ளைகள் தீர்மானிக்கட்டும். முறை வைத்துக்கொள்ளுங்கள். சிரட்டையும் அன்று அந்தப் பிள்ளையிடம்தான். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை அதுதான் தட்டும். அவர்கள் போடும் கட்டு சிலவேளை முடியாத காரியமாக இருக்கும். என் மகள் ஒரு நாள் ‘க’ என்ற எழுத்து வராமல் பேச வேண்டும் என்றாள். ஒருவராலும் முடியவில்லை. அடுத்த நாள் அவளே ‘க’ முதலில் வரக் கூடாது என்று தளர்த்தினாள். நாங்கள் திருத்தியிருந்தால் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டாள்.

திருவிழா, பரீட்சை, சுகவீனம் என்று இடையில் சில வாரம் விட்டுப்போகும். அப்படி விட்டுப்போனால் கவியில் தொடங்க வேண்டாம், முதற்படிக்கும் போக வேண்டாம். கரண்ட் போகிற ஒரு இரவில் மூன்றாம் படியான ‘ஓம்’ விளையாட்டில், ஒரு வட்டம் மட்டும். எங்கள் வீட்டில் இப்போதும் அம்மம்மாதான் இருட்டில் முதல் ஆளாகச் சிரட்டையைத் தேடி எடுப்பார்.